குண்டு பல்பின் இரண்டு தடைகள்: சுடுதடை, தணிதடை

நண்பர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு செய்முறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

100 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் எரிகிறது. திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் 0.43 ஆம்பியர் சொச்சம். மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் தடை (ரெசிஸ்டன்ஸ்) 529 ஓம். சரி, இப்போது பல்பைக் கழற்றி, அடியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளிலும் மல்டிமீட்டரின் முனைகளை வையுங்கள். 40 ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். "கணக்கு தப்பா, மீட்டர் தப்பா சார்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இரண்டும் தப்பில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. மீட்டர் காட்டிய 40 ஓமை வைத்துத் திறனைக் கணக்கிட்டால் (230 × 230 ÷ 40) 1,300 வாட்டைத் தாண்டும். சுவிட்சைப் போட்ட கணத்தில் பல்பு அப்படித்தான் இழுக்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் போட்டவுடனே ஃபியூஸ் போவது இதனால்தான். ஆகவே ஒரே இழையின் இந்த இரண்டு தடைகளுக்கும் இரண்டு பெயர் வேண்டும்.

'மின்தடை' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நம் பாடநூலில் அதுதான் இருக்கிறது. ஆனால் "நாளை மின்தடை" என்று செய்தித்தாளில் வந்தால் கரண்ட் இருக்காது என்று பொருள். வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். இலங்கைப் பாடநூல்களில் 'தடை' என்று மட்டும் எழுதுகிறார்கள். மின்சுற்றைப் பற்றிப் பேசும்போது அது போதும். (அவர்கள் திறனை 'வலு' என்பார்கள். அது தனி விவாதம், இப்போது வேண்டாம்.)

சூடான நிலைக்குச் 'சுடுதடை' என்று வைத்துக்கொண்டேன். சுடுநீர், சுடுசோறு போல வினைத்தொகை, சொன்னதும் விளங்குகிறது. மற்றதுதான் சிக்கல். முதலில் 'குளிர்தடை' என்று எழுதி அடித்துவிட்டேன். சித்திரை வெயிலில் மேசைமேல் கிடக்கும் பல்புக்கு ஏது குளிர்? சோறு ஆறுகிறது என்றுதான் சொல்கிறோம். அதனால் 'ஆறுதடை' என்று மாற்றினேன். கரும்பலகையில் எழுதியதும் முன்வரிசைப் பெண், "ஆறு தடைன்னா, மிச்சம் அஞ்சு எங்கே சார்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எண்கள் நிறைந்த பாடத்தில் 'ஆறு' கூடாது.

இப்போது 'தணிதடை' என்பதில் வந்து நிற்கிறேன். சூடு தணிந்தது, காய்ச்சல் தணிந்தது என்று வீட்டில் நாள்தோறும் புழங்கும் வினைதான். அட்டவணைத் தலைப்பில் இரண்டு சொல்லும் ஒரே நீளத்தில் அமைகின்றன. ஒரு குறை தெரிகிறது: தடையே குறைந்துகொண்டு போவதாக யாராவது படித்துவிடலாம். ஆனால் சுடுதடைக்குப் பக்கத்தில் எழுதும்போது அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

எல்லாப் பொருளுக்கும் இந்த இரட்டைச் சொல் தேவையில்லை. 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் கம்பிக்குக் கணக்கில் 53 ஓம் வருகிறது. மீட்டரும் ஏறக்குறைய அதையே காட்டும். அதிலுள்ள நிக்ரோம் என்ற உலோகக் கலவையின் தடை சூட்டுக்கு அவ்வளவாக மாறாது. அங்கே வெறும் 'தடை' என்றே எழுதுவேன்.

தணிதடையைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள். குறிப்பு இன்னும் அச்சுக்குப் போகவில்லை.