கரியமில வாயுவில் செய்த மெத்தை: 200 வெள்ளி கூடக் கொடுக்கலாமா?

பொங்கோல்_செல்வம்
புது வீவக வீட்டுக்கு மெத்தை பார்க்கப் போனோம். கடைக்காரர் ஒரு நுரை மெத்தையைத் தட்டித் தட்டிக் காட்டி, "இது கரியமில வாயுவிலிருந்து செய்தது, சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று ஒரே பாட்டு. மற்றதைவிட 200 வெள்ளி அதிகம். நுரைக்குள் இருக்கும் குமிழி எல்லாம் அந்த வாயுதானா, ராத்திரி கசிந்து வராதா என்று மாமியார் கேட்கிறார். சிரிக்காதீர்கள், எனக்கும் பதில் தெரியவில்லை.

தீவுக்காரன்
மாமியார் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார், தம்பி. ஜூரோங் தீவில் பாலியோல், அதாவது நுரைக்கான மூலப்பொருள், செய்யும் பக்கம் சில வருடம் வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

குமிழி வேறு, இது வேறு. எந்த பாலியூரித்தேன் மெத்தை நுரையிலும் ஐசோசயனேட் என்ற இன்னொரு மூலப்பொருளும் தண்ணீரும் சேர்ந்தால் கரியமில வாயு வரும், கலவை புளித்த மாவு மாதிரிப் பொங்கும். அந்த வாயு வெளியேறிக் காற்று உள்ளே வந்துவிடும். அதைக் காட்டி விலை ஏற்றினால் அது ஏமாற்று.

உண்மையான சமாசாரம் பாலியோலில் இருக்கிறது. வழக்கமாக புரொப்பிலீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருளைக் கோத்துச் சங்கிலியாக்குவார்கள், அதுதான் பாலியோல். கரியமில வாயு படுசோம்பேறி, எதோடும் எளிதில் சேராது. ஆனால் புரொப்பிலீன் ஆக்சைடில் இருக்கும் மூன்று அணு வளையம் வளைத்துக் கட்டிய பிரம்பு மாதிரி, அவிழ்ந்தால் போதும் என்று இருக்கும். துத்தநாகம், கோபால்ட் கலந்த சயனைடு வினையூக்கி அதை அவிழ்க்கும்போது வாயுவும் சங்கிலியில் ஒரு கண்ணியாகப் போய் மாட்டிக்கொள்கிறது. மாட்டியது கசியாது. 1969லேயே ஜப்பானில் இனோவே என்பவர் துத்தநாக வினையூக்கியை வைத்து இந்த இணைப்பைச் செய்து காட்டினார். ஜெர்மனியின் டோர்மாகனில் 2016ல் கோவெஸ்ட்ரோ நிறுவனம் ஆண்டுக்கு 5,000 டன் ஆலை திறந்தது, பாலியோல் எடையில் 20 விழுக்காடு வரை கரியமில வாயு. அதற்கு மேல் ஏற்றினால் பாலியோல் தேன் மாதிரி கெட்டியாகி பம்ப் திணறும்.

கணக்குப்பிள்ளை_அக்கா
நுரை 10 கிலோ என்று வையுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு பாலியோல், அதில் 20 விழுக்காடு என்றால் சுமார் 1.3 கிலோ வாயு. கரியமில வாயுவை வெளியேற்றும் ஆலைகளுக்கு நம் சிங்கப்பூரில் போடும் கரிம வரி 2026ல் டன்னுக்கு 45 வெள்ளி. ஆக உங்கள் மெத்தைக்குள் இருக்கும் வாயுவுக்கு வரி ஆறு காசு. 200 வெள்ளி எதற்கு?

தீவுக்காரன்
அக்கா கணக்கு சரி, ஆனால் பாதிக் கணக்கு. லாபம் உள்ளே அடைத்த வாயுவில் இல்லை, அந்த அளவுக்கு புரொப்பிலீன் ஆக்சைடு செய்யாமல் விட்டதில்தான். அதைச் செய்ய எண்ணெயும் ஆற்றலும் ஏகமாகச் செலவாகும். 2014ல் வந்த ஜெர்மன் ஆய்வு ஒன்று, 20 விழுக்காடு சேர்த்த பாலியோலுக்குப் பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் 11 முதல் 19 விழுக்காடு குறையும் என்றது. அப்படியும் அது வெறும் குறைப்புதான், காற்றைச் சுத்தம் செய்கிற மெத்தை இல்லை. செல்வம், கடையில் எத்தனை விழுக்காடு என்று மட்டும் கேளுங்கள்.

பொங்கோல்_செல்வம்
கேட்டேன் அண்ணே. "நூறு விழுக்காடு சார்" என்றார். மாமியார் அங்கேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.