அட்டை கடித்த சொக்ஸ், கத்தி பட்ட சட்டை: இரத்தக் கறையோடு நம் அனுபவங்கள்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அக்கா:

மே மாதம் மழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டில் துவைக்கிற உடுப்பில் பாதிக்கு மேல் இரத்தக் கறைதான். எல்லாம் அட்டை வேலை. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கி வரும்போது சொக்ஸ் இரண்டும் கணுக்கால் வரை சிவந்திருக்கும், இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கை அவிழ்த்தால் பாவாடை ஓரத்திலும் திட்டுத் திட்டாக இருக்கும். அட்டை வயிறு நிறைந்து எப்போதோ விழுந்து போயிருக்கும், ஆனால் அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் கடிவாயில் கசிவு லேசில் நிற்காது. சின்னக் கடிக்கு இவ்வளவு இரத்தமா என்று ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் பயப்படுவது அதனால்தான்.

இதில் நான் எல்லாரிடமும் அடித்துச் சொல்கிற விஷயம் ஒன்றே ஒன்று, சுடுதண்ணி ஊற்றாதீர்கள். நம்ம ஊர்க் குளிருக்கு விரல் விறைத்துப் போகும், அடுப்பில் தண்ணி கொதித்துக்கொண்டிருக்கும், கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். இரத்தத்தில் இருப்பது புரதம், சூடு பட்டால் முட்டை வெள்ளைக்கரு சட்டியில் பிடிப்பது மாதிரி நூலோடு நூலாகப் பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் சவர்க்காரக் கட்டி கரைவதுதான் மிச்சம். மலையிலிருந்து குழாய் வழியாக விழுகிற பீலித் தண்ணி எவ்வளவு சில்லென்று இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. சொக்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, கறையின் பின்பக்கம் பீலிக்கு நேராகப் பிடித்தால் தண்ணியின் வேகமே இரத்தத்தை வந்த வழியாகத் தள்ளிவிடும். முதலில் சிவப்பாக ஓடும், அப்புறம் ரோஸ், அப்புறம் தெளிந்துவிடும். தெளிந்த பிறகுதான் சன்லைட் கட்டியைத் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியோடு துணியை வைத்துக் கசக்குவேன். கல்லில் அடிக்கவே தேவையில்லை. மழை ஈரத்தில் சொக்ஸ் காயாமலே வீட்டுக்கு வருவதால் அன்றைக்கே அலசினால் போய்விடும், மூலையில் சுருட்டிப் போட்டு ஞாயிற்றுக்கிழமை துவைக்கலாம் என்றால்தான் பாடு.

உங்கள் வீடுகளில் எப்படிச் செய்கிறீர்கள், எது பலித்தது என்று சொல்லுங்கள். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு சட்டை பாழானால் அது சின்ன நட்டம் இல்லை.

நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதோடு ஒன்று சேர்க்கிறேன், சுடுதண்ணியைத் தவிர்த்துவிட்டு அடுப்புக்கு மேலே கயிற்றில் காயப்போட்டாலும் அதே கதைதான். மழைக்காலத்தில் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், வேறு எங்கே காயப்போடுவது, எல்லார் வீட்டிலும் அடுப்புச் சூட்டில்தான் உடுப்பு காயும். அதனால் எங்கள் வீட்டில் ஈரத்துணியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றில் போடுவதில்லை. மங்கலாக மஞ்சள் நிழல் மாதிரி ஏதாவது தெரிந்தால் திரும்பவும் உப்புத்தண்ணி வாளிக்குள் போய்விடும். அயன் பண்ணுவதற்கும் இதே சட்டம்தான், கறை முழுசாகப் போகாத துணியில் அயன் பெட்டியை வைக்கக்கூடாது.

பழசாகிக் காய்ந்து கபில நிறமாக மாறிய கறைக்கு இரவு முழுக்க உப்புத்தண்ணி. ஒரு லீட்டர் பச்சைத் தண்ணிக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு போதும். காலையில் அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, என்சைம் போட்ட சலவைத்தூளைப் பச்சைத் தண்ணியில் கரைத்து மறுபடி ஊறவைக்க வேண்டும், பக்கற்றின் பின்பக்கத்தில் என்சைம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த என்சைம்தான் புரதத்தை அரித்து எடுக்கிறது, வாசனையும் நுரையும் கறைக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அவசரப்பட்டால் பலிக்காது, அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

ஹட்டனிலிருந்து ஒரு ஆசிரியை:

நான் வேறு ஒரு கறையைப் பற்றிப் பேச வருகிறேன், ஏனென்றால் பேசாமல் விடுவதால்தான் அது போகாத கறையாகிறது. நம் பிள்ளைகளின் ஸ்கூல் யூனிபோர்ம் வெள்ளை. மாதவிலக்கு நேரத்தில் கறை பட்டுவிட்டால் பிள்ளை பெஞ்சை விட்டு எழும்பாது, இடைவேளைக்கும் வெளியே போகாது. வீட்டுக்குப் போனாலும் பொதுப் பைப்படியில் நாலு வீட்டு ஆட்கள் நிற்பார்கள் என்று கவுனைச் சுருட்டி கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டு, இருட்டிய பிறகோ இரண்டு நாள் கழித்தோ எடுக்கும். அதற்குள் கறை காய்ந்து இறுகியிருக்கும். அதே கறையை வந்த உடனே ஒரு பேசின் பச்சைத் தண்ணியில் போட்டிருந்தால் கட்டிச் சவர்க்காரமே போதும். அம்மாமார் இதை மகள் பெரிய பிள்ளையாகும் முன்பே சொல்லிக் கொடுங்கள். பைப்படிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே ஒரு பேசினை அதற்கென்று வைத்துவிடுங்கள், யாரும் ஒன்றும் கேட்காமல் இருங்கள். அண்ணன் தம்பிமாருக்கும் இது தெரிந்திருக்கட்டும், அட்டை கடித்த சொக்ஸை முற்றத்தில் வைத்து அலசுகிற வீட்டில் இதை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

வெள்ளைப் பருத்தித் துணியில் எல்லாம் செய்தும் துரு மாதிரி ஒரு சாயல் நின்றால், அது இரத்தத்தில் உள்ள இரும்பின் மிச்சம். தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, நன்றாக அலசி எடுங்கள். கலர்த் துணியில் இதைச் செய்தால் சாயம் வெளுக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே வேண்டாம், துருச் சாயல் இன்னும் மஞ்சளாகும். அதைவிட ஆபத்து, பிளீச்சோடு தேசிக்காயோ வினாகிரியோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், பூட்டிய காம்பராவுக்குள் அது நெஞ்சைப் பிடித்துவிடும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு அண்ணன்:

டீச்சர் சொன்னதை என் மனைவியிடமும் வாசித்துக் காட்டினேன், நன்றி.

நான் கவ்வாத்து வெட்டுகிற, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடுகிற ஆள். கவ்வாத்துக் கத்தி வழுக்கினால் தொடையிலோ இடது கையிலோ இறங்கும், வெட்டுப்பட்டவனைத் தூக்கிப்பிடித்தவன் சட்டையும் சேர்ந்து நனையும். முதலில் ஆளைக் கவனியுங்கள், சுத்தமான துணியை வைத்து இறுக்கி அழுத்தி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோங்கள், சட்டை அப்புறம். ஆனால் அந்தச் சட்டையைத் துவைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுத்தவர் இரத்தத்தை வெறுங்கையால் கசக்காதீர்கள், அதுவும் தேயிலைக் குச்சி கீறிக் கீறி வெடித்திருக்கிற நம்ம கையால். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாளாவது தாக்குப்பிடிக்கும். கையுறை இல்லையென்றால் ஓட்டை இல்லாத சொப்பிங் பேக்கைக் கையில் மாட்டிக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தச் சட்டையைத் தனியாக ஊறவையுங்கள்.

எனக்குப் பலித்த மருந்து ஹைட்ரஜன் பெரொக்சைட், 3 சதவீதம், பார்மசியில் சின்னப் போத்தலாகக் கிடைக்கும். கறையில் ஊற்றியதும் சர்ரென்று வெள்ளையாக நுரைத்துப் பொங்கும். இரத்தத்தில் இருக்கிற ஒரு என்சைம் அதை உடைத்து ஒட்சிசனை வெளியேற்றுவதுதான் அந்த நுரை. நுரை அடங்கியதும் ஒற்றி எடுத்து மறுபடி ஊற்ற வேண்டும், நுரைக்காத வரைக்கும் வந்துவிட்டால் பச்சைத் தண்ணியில் அலசலாம். வெள்ளைக்கும் வெளிர் நிறத்துக்கும் நல்லது. கறுப்பு, கடுநீலம் போன்றவற்றில் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். போத்தலை இருட்டான இடத்தில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் வெறும் தண்ணியாகிவிடும்.

கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி:

நாங்கள் நாள் முழுக்க ஊசியோடு இருக்கிறவர்கள். விரலில் குத்தி ஒரு புள்ளி இரத்தம் துணியில் பட்டால், தைக்கிறவர்கள் அந்த நிமிஷமே நூலில் எச்சில் தொட்டு அந்தப் புள்ளியை ஒற்றி எடுப்பார்கள். புது இரத்தத்துக்கு, அதுவும் புள்ளி அளவுக்குத்தான் இது, காய்ந்ததற்குப் பலிக்காது. பட்டுச் சேலையில் சேப்டி பின் குத்திப் பட்டுவிட்டால் தேய்க்கவே கூடாது, பளபளப்புப் போய்விடும். அடியில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து, மேலே பச்சைத் தண்ணியில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். நோர்வூட் தம்பி சொன்ன என்சைம் தூள் பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது, ஏனென்றால் அந்த நூலே புரதம், கறையோடு சேர்த்து துணியையும் அரிக்கும்.

நுவரெலியாவிலிருந்து ஒருவர்:

எல்லாருக்கும் நன்றி. பிள்ளைக்கு இரவில் மூக்கால் இரத்தம் வந்து மெத்தையில் பட்டுவிட்டது. இங்கே இப்போது பனியும் தூறலும், மெத்தையை நனைத்தால் காய ஒரு கிழமை போகும். கம்பளிப் போர்வையிலும் கொஞ்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

மஸ்கெலியா அக்கா:

மெத்தைக்குத் தண்ணி ஊற்றாதீர்கள். ஈரத்துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி வாருங்கள், நடுவிலிருந்து வெளியே போனால் கறை அகலும். அப்புறம் அப்பச்சோடாவைப் பச்சைத் தண்ணியில் கெட்டியாகக் குழைத்துப் பூசி, காய்ந்து வெடித்ததும் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். இன்னும் தெரிந்தால் பண்டாரவளை அண்ணன் சொன்ன பெரொக்சைட்டைப் பஞ்சில் தொட்டு வையுங்கள், வெள்ளை மெத்தை என்றால் பயமில்லை. கம்பளிக்கு வெறும் பச்சைத் தண்ணியும் தலைக்குப் போடுகிற ஷாம்பு கொஞ்சமும் போதும். முறுக்கிப் பிழியாதீர்கள், துவாயில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்துவிட்டு விரித்துப் போடுங்கள். பிள்ளைக்கு மூக்கு இரத்தம் அடிக்கடி வருகிறதென்றால் டொக்டரிடம் ஒருதரம் காட்டிவிடுங்கள்.