இந்திரா நூயி காலத்துப் பெப்சிகோ: நீங்கள் கண்ணால் பார்த்த மாற்றம் என்ன?

மலைக்கோட்டை:
2004 முதல் 2013 வரை திருச்சியில் பெப்சி சரக்கு எடுக்கும் ஏஜென்சி ஒன்றில் லைன் சேல்ஸ்மேனாக இருந்தேன். வேனில் சரக்கு ஏற்றுவது, கடை கடையாக இறக்குவது, காலி பாட்டில் எண்ணுவது, இதுதான் பிழைப்பு. 2006 அக்டோபரில் தி.நகரில் வளர்ந்து தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்த இந்திரா நூயி என்ற பெண் அமெரிக்காவில் பெப்சிகோ என்ற மொத்தக் கம்பெனிக்கும் தலைமை ஏற்றார் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கள் கணக்கர் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார். "அந்தம்மா வந்தா நமக்கு இன்சென்டிவ் ஏறுமா?" என்று லோடுமேன் கேட்டார். ஏறவில்லை. ஆனால் வேனில் ஏறிய சரக்கு மாறியது.

நான் சேர்ந்தபோது கோலா, ஆரஞ்சு, லெமன் கிரேட்தான் வண்டி நிறைய. கொஞ்சம் கொஞ்சமாக ஜூஸ் அட்டைப்பெட்டிக்கும் தண்ணீர் பாட்டில் பெட்டிக்கும் இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. 2009இல் நிம்பூஸ் வந்தது. கேஸ் இல்லாத எலுமிச்சை ஜூஸ். உறையூரில் ஒரு கடைக்காரர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழம் எங்கிட்டயே இருக்கே தம்பி, நான் பிழிய மாட்டேனா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் கேள்வி இதுதான்: எங்கோ நியூயார்க் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முடிவு உறையூர் பெட்டிக்கடை வரை வருமா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வரும் அண்ணே, ஆனால் மெதுவாக வரும். நான் தணிக்கை வேலையில் இருப்பவன், ஆண்டறிக்கை படிப்பது ஒரு கெட்ட பழக்கம். எல்லாரும் 2006இல் இருந்து கதையைத் தொடங்குகிறார்கள். அவர் பெப்சிகோவில் சேர்ந்தது 1994இல், வியூகம் வகுக்கும் பொறுப்பில். 1997இல் பீட்சா ஹட், கே.எஃப்.சி., டாக்கோ பெல் என்ற மூன்று உணவகத் தொடர்களையும் கம்பெனி கழற்றிவிட்டது. 1998இல் டிராபிகானா என்ற ஜூஸ் கம்பெனியை வாங்கியது. 2001இல் குவேக்கர் ஓட்ஸ் வந்தது, அதோடு விளையாட்டு வீரர்கள் குடிக்கும் கேட்டரேடு பானமும் சேர்ந்து வந்தது. இவை எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. நாற்காலியில் உட்காரும் முன்பே வீட்டை ஒழித்து வெள்ளையடித்து முடித்துவிட்டார் என்றுதான் சொல்வேன்.

தலைமைக்கு வந்தபின் சரக்கை மூன்றாகப் பிரித்தார்: ஆசைக்குத் தின்பது, கொஞ்சம் தேவலாம், உடம்புக்கு நல்லது. 2006இல் பின்னிரண்டு வகைகளின் பங்கு விற்பனையில் சுமார் 38 விழுக்காடு. 2017இல் ஏறத்தாழ பாதி. மொத்த வருமானம் 3,500 கோடி டாலரிலிருந்து 6,350 கோடி டாலராயிற்று. இதைப் பார்த்து உடனே கைதட்டிவிடாதீர்கள். 2010இல் இரண்டு பெரிய பாட்டிலிங் கம்பெனிகளை வாங்கிச் சேர்த்தார்கள், அவற்றின் விற்பனையும் இந்தக் கணக்கில் அடக்கம். மரம் வளர்ந்ததையும், பக்கத்துத் தோட்டத்தை வாங்கியதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எடிசன் அக்கா:
நான் அப்போது நியூ ஜெர்சியில். 2010இல் பெப்சி, சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின்போது போடும் தன் டிவி விளம்பரத்தையே நிறுத்தியது, 23 வருடத்தில் முதல்முறையாக. அதற்குப் பதில் 2 கோடி டாலரை ஊர் நன்மைக்குப் பகிர்ந்து தருவோம், எந்தத் திட்டத்துக்குத் தருவது என்று மக்களே ஓட்டுப் போடட்டும் என்றார்கள். எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளியின் விளையாட்டுத் திடலுக்காக நான் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஓட்டுப் போடுவேன். ஒரு நாள் என் கணவர் பின்னால் நின்று சிரித்தார். ஓட்டுப் போடும் மேசையில் நான் குடித்துக்கொண்டிருந்தது டயட் கோக்!

அந்த ஆண்டுதான் அமெரிக்கக் குளிர்பான விற்பனையில் பெப்சியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு டயட் கோக் இரண்டாம் இடத்துக்கு வந்தது. என்னைப் போல எத்தனை பேரோ. அதற்கு முந்தைய வருடம் டிராபிகானா அட்டையை மாற்றி, ஆரஞ்சில் குத்திய ஸ்ட்ரா படத்தை எடுத்தார்கள். சில வாரங்களிலேயே பழைய படத்துக்குத் திரும்பினார்கள். ஆக, அவர் காலத்தில் சறுக்கலே இல்லை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். சறுக்கினாலும் கம்பெனி போகிற திசையை அவர் மாற்றவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

தாமிரபரணிக் கரை:
பாளையங்கோட்டையில் மளிகைக் கடை. 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நானும் இறக்கி வைத்தேன். இருந்த இடத்தில் பவண்டோவும் பன்னீர் சோடாவும் ஏறின. எங்கள் பக்கம் அது வெறும் கோபம் இல்லை, ஆற்றுத் தண்ணீர் விவகாரம். கங்கைகொண்டானில் உள்ள பெப்சி, கோக் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்க 2016 நவம்பரில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்தது, 2017 மார்ச்சில் தடை நீங்கியது.

இதே கம்பெனிக்குத் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தியதற்காக 2012இல் ஸ்டாக்ஹோமில் விருது கொடுத்திருக்கிறார்கள். விருது பொய் என்று நான் சொல்லவில்லை. ஸ்டாக்ஹோமில் இருந்து பார்க்கும் தண்ணீர் வேறு, எங்கள் படித்துறையில் நின்று பார்க்கும் தண்ணீர் வேறு. தலைமை நாற்காலியில் நம்ம ஊர்ப் பெண் இருந்தது அந்தச் சமயத்தில் கடைக்கு வந்த யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை. சில மாதம் கழித்து வாடிக்கையாளர்களே கேட்க ஆரம்பித்தார்கள், நானும் மறுபடி அடுக்கினேன். மறைக்க ஒன்றுமில்லை.

பீளமேடு:
நான் வேறு ஒன்று சொல்கிறேன். தலைமைக்கு வந்தபின் அவர் சென்னை வந்தபோது, வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் வாழ்த்தியது அவரை அல்ல, அவர் அம்மாவை. நல்லா வளர்த்திருக்கீங்க என்று. அதைப் பார்த்துத்தான் தன்கீழ் வேலை செய்யும் உயரதிகாரிகளின் பெற்றோருக்குக் கடிதம் எழுதத் தொடங்கியதாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

எங்களுடையது பம்பு உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை, 11 பேர். ஒரு தீபாவளிக்கு நானும் 11 கடிதம் எழுதினேன், கையால், தமிழில். அன்னூரில் ஒரு அப்பா அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். இன்னொரு பையனின் அம்மா போன் போட்டு, "இவ்வளவு நல்லா வேலை பாக்கறான்னு நீங்களே எழுதிட்டீங்க, அப்ப சம்பளம் எவ்வளவு ஏத்தறீங்க?" என்று கேட்டார். ஏற்றினேன், வேறு வழி?

கணக்குப்பிள்ளை:
பீளமேட்டாரே, அருமை! ஒன்றை விட்டுவிட்டேன். 2013இல் நெல்சன் பெல்ட்ஸ் என்ற முதலீட்டாளர் பங்குகளை வாங்கிக்கொண்டு, நொறுக்குத்தீனி தனி, பானம் தனி என்று கம்பெனியை உடைக்கச் சொல்லி நின்றார். ஆரோக்கியம் பேசுகிறவர்கள் சர்க்கரைத் தண்ணீர் விற்கிறாய் என்று திட்ட, பணம் போட்டவர்கள் கோலாவைக் கவனிக்கவில்லை என்று திட்டினார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவர் உடைக்க ஒப்பவில்லை. 2016இல் பெல்ட்ஸ் தரப்பு பங்கை விற்றுவிட்டுப் போனது. 2018 அக்டோபரில்தான் ராமோன் லகுவார்ட்டாவிடம் பொறுப்பைக் கொடுத்தார், அதுவரை 12 வருடம்.

மலைக்கோட்டை:
எல்லாருக்கும் நன்றி. இப்போது எனக்குத் தில்லைநகரில் சொந்தமாக ஒரு சின்னக் கடை. குவேக்கர் ஓட்ஸும் வைத்திருக்கிறேன். அதை வாடிக்கையாக வாங்குபவர் ஒரே ஒரு ரிட்டயர்டு வாத்தியார்தான். காசு கொடுக்கும்போது மேலே தொங்கும் சரத்திலிருந்து அதே கம்பெனியின் லேஸ் சிப்ஸ் பாக்கெட் ஒன்றையும் பிய்த்துக்கொள்வார். பேத்திக்கு என்பார். தெருமுனை திரும்புவதற்குள் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்கும்.