தாத்தாவின் நினைவு மலரில் என்ன எழுதுவது?

குளத்துப்பேரன்:
வருகிற தை மாதத்தோடு எங்கள் தாத்தா காலமாகி ஓராண்டு நிறைகிறது. அன்று உறவினர்களுக்குக் கொடுக்க எட்டுப் பக்க நினைவு மலர் ஒன்றை அச்சிட வீட்டில் முடிவு செய்து, எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

தாத்தா நாங்குநேரி வட்டாரத்தில் தபால்காரராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் அந்தச் சைக்கிளை விடவில்லை. விடியும் முன்பே எழுந்து, பேரப்பிள்ளைகளில் ஒருவரை, முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார வைத்துக்கொண்டு, கூந்தன்குளம் வரைகூடப் போய்வருவார். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டியிருப்பதை நான் முதன்முதலில் பார்த்தது அவரோடுதான். பறவைகள் மிரளும் என்பதால் அங்கே தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை என்று அவர் சொன்னபோது, நல்லவேளை நாம் இந்த ஊரில் பிறக்கவில்லை என்று ஏழு வயதில் நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் நினைவில் இருந்தும், எழுத உட்கார்ந்தால் ‘பாசத்தின் சிகரம்’, ‘இயற்கையை நேசித்த மாமனிதர்’ என்றுதான் வருகிறது. பெயரை மாற்றினால் அது எந்தத் தாத்தாவுக்கும் பொருந்திவிடும். சித்தப்பாவோ, பணியாற்றிய ஆண்டுகளையும் மக்கள், மருமக்கள் பட்டியலையும் போட்டாலே போதும் என்கிறார். இன்னொன்று, 1978 முதல் 2015 வரை தாத்தா எழுதிய பதினொரு நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன. மழை பெய்த நாள், மடை திறந்த நாள், குளம் மறுகால் பாய்ந்த நாள், வரித்தலை வாத்து வந்திறங்கிய நாள் என்று நாளுக்கு இரண்டு வரி எழுதியிருக்கிறார். இவற்றை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

பொருநைக்கரை:
சித்தப்பா கேட்கும் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் தவறாமல் போட்டுவிடுங்கள் தம்பி. ஒரு மருமகன் பெயர் விட்டுப்போனால் அடுத்த பத்து ஆண்டுக்கு அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும். மற்ற பக்கங்களில் அவருடைய வாழ்க்கை முழுவதையும் அடக்கப் பார்க்காமல், ஒரே ஒரு காலைப் பயணத்தை மட்டும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுப்பினார், வழியில் எங்கே தேநீர் குடித்தார், குளக்கரையில் எப்போது வாயைத் திறந்தார், வீடு திரும்பியதும் ஆச்சியிடம் என்ன திட்டு வாங்கினார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் போதும். முன்கம்பியில் மடித்துப் போட்ட துண்டைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் துண்டு இருக்கும் பக்கத்தில் ‘பாசம்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. அவருக்குக் கோபம் வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஆச்சியைக் கேட்டீர்களா?

நீர்க்காகம்:
நோட்டுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கூந்தன்குளம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1994இல். அதற்கு முந்தைய பதினாறு ஆண்டுகள், தினமும் அந்தப் பக்கம் சைக்கிளில் போன ஒரே மனிதர், ஒரே கையெழுத்தில் எழுதி வைத்த குறிப்புகள் உங்கள் வீட்டில் இருக்கின்றன. தயவுசெய்து முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் படமெடுத்துவிட்டு, துருப்பிடித்த பின்கள் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

அடுத்து, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டவற்றைப் பதியும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பழைய தேதியிட்ட குறிப்புகளையும் பதிவேற்றலாம். உங்கள் கணக்கில் கலந்துவிடாமல் தாத்தாவின் பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள். தபால் கொடுக்கப் போகிற வழியில் கண்டவை ‘இன்சிடென்டல்’ என்ற வகையில் சேரும். ஓய்வுக்குப் பிறகு பறவை பார்க்கவென்றே போன நாள்களுக்கு நேரமும் தூரமும் தெரியாவிட்டால் ‘ஹிஸ்டாரிக்கல்’ என்று குறிக்கலாம். எண்ணிக்கை எழுதாத இடங்களில் நீங்களாக ஓர் எண்ணை ஊகித்துப் போடாமல் ‘எக்ஸ்’ என்ற எழுத்தை மட்டும் இடுங்கள். அவர் வேறு பெயர்களால் பறவைகளைக் குறித்திருந்தால் அந்தப் பெயர்களை அப்படியே ஒரு தனித்தாளில் எழுதி வையுங்கள். எந்தப் பறவை என்று உறுதியாகத் தெரியாததைப் பதிவேற்ற வேண்டாம். வரித்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து வருபவை. அவை வந்திறங்கிய நாளும் குளம் பெருகிய நாளும் ஒரே கையால் எழுதப்பட்டிருப்பது எளிதில் கிடைக்காத ஒன்று. மலரிலும் இரண்டு பக்கங்களுக்கு அந்தக் கையெழுத்தையே அச்சிடலாம்.

கருவேலங்காடு:
மலரோடு மரக்கன்றும் கொடுக்கலாமே என்று சொல்ல வந்தேன். குளத்துக்குள் நடுவதாக இருந்தால் அனுமதி கேட்டு நாட்டுக் கருவேலத்தை நடுங்கள், நாரைகள் அதில் கூடு கட்டும். சீமைக் கருவேலம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது.

குளத்துப்பேரன்:
அனைவருக்கும் நன்றி. மரக்கன்றைப் பற்றி அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். நேற்றிரவு நோட்டுகளை ஆச்சிக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவற்றில் பறவைகளைப் பற்றி எழுதியிருக்கிறது என்பதே ஆச்சிக்குத் தெரியாது. சம்பளக் கணக்கு என்று நினைத்திருக்கிறார். வயலை விற்று இருபது ஆண்டுகள் ஆன பிறகும், வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் தாத்தா அவரிடம் “மடையப் பாத்துட்டு வாரேன்” என்றுதான் சொல்லியிருக்கிறார். முதல் பக்கத்தை அந்த வரியிலிருந்து தொடங்கிவிட்டேன்.