பப்பாசி அழுகலுக்குக் கறுவா எண்ணெய் பாவித்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். செங்கலடிப் பக்கம் ரெட் லேடி பப்பாசி செய்கிறோம். மரத்தில் பார்க்கும்போது காய்க்கு ஒரு குறையும் இல்லை. பறித்து, பழுக்கத் தொடங்கிய பிறகுதான் தோலில் நீர் ஊறினமாதிரிச் சின்னப் புள்ளிகள் வருகின்றன. அப்புறம் குழிந்து, நடுவில் செம்மஞ்சளாகப் பிசுபிசுக்கிறது. அந்திரக்னோஸ் என்ற பங்கசு நோய்தான். இந்தப் பங்கசு பிஞ்சிலேயே தோலுக்குள் புகுந்து பழுக்கும்வரை சும்மா கிடப்பதால், பறித்தபின் கழுவினால் மட்டும் போகாது.

தின்னப்போகிற பழத்துக்குப் பங்கசு நாசினி அடிக்க மனம் வரவில்லை. கறுவா இலை எண்ணெயிலும் கராம்பு எண்ணெயிலும் உள்ள யூஜினோல் என்ற பொருள் இந்தப் பங்கசை அடக்கும். என் சிக்கல் செய்முறையில்தான். எண்ணெய் தண்ணீரோடு சேராமல் மிதக்கிறது. எதைப் போட்டுக் கலப்பது? லீற்றருக்கு எவ்வளவு? கூடினால் தோல் கருகும், வாசமும் ஏறும். கறுவா மணக்கிற பப்பாசியை மட்டக்களப்புச் சந்தையில் யார் வாங்குவார்? 49 பாகை செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் அமிழ்த்துவார்களே, அதோடு சேர்த்துச் செய்யலாமா?

வேப்பிலைச் சாறு என்று பலரும் சொல்வீர்கள். சரி, ஆனால் பறித்த பழத்தில் செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்துத் தம்பி தங்கைகளும் எழுதுங்கள்.