ஆறடி உயரமானவரின் கோல்ஃப் செட் எனக்குப் பொருந்துமா?

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):
அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகக் கோயம்புத்தூரில் இருந்தபோது செட்டிப்பாளையம் மைதானத்தில் இரவல் கிளப்புகளை (பந்தடிக்கும் மட்டைகளை) வைத்துக்கொண்டு கோல்ஃப் கற்றுக்கொண்டேன். இப்போது தஞ்சாவூருக்கே மாற்றலாகி வந்துவிட்டேன். கிளப்பைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும்படியான கடை எனக்குத் தெரிந்து இங்கே இல்லை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வரும் என் மைத்துனர் தம் பழைய செட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறார். அவர் ஆறடி உயரம். நான் 5 அடி 4 அங்குலம். அவருக்காகவே அளவெடுத்து, நீளத்தில் அரை அங்குலம் கூட்டி, லை கோணத்தை 2 டிகிரி நிமிர்த்திச் செய்த அயன்கள் (மெல்லிய உலோகத் தலைக் கிளப்புகள்) அவை; ஷாஃப்ட் எனும் தண்டு ஸ்டிஃப், அதாவது விறைப்பான வகை. வெட்டிச் சரிசெய்துகொள்ளலாமா? என் நிலையில் இருப்பவருக்கு ஃபிட்டிங், அதாவது உடலளவுக்கேற்பக் கிளப்பைப் பொருத்திக்கொள்வது, அவசியந்தானா?

காரைக்கால் கரையோரம்:
ஐயா, நீளத்தைவிட லை கோணத்தைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். கிளப்பைத் தரையில் ஊன்றும்போது ஷாஃப்ட் தரையோடு கொள்ளும் கோணமே லை. உயரமானவருக்காக நிமிர்த்திய கிளப்பை உயரம் குறைந்தவர் பிடித்தால் கிளப் தலையின் நுனி மேலே தூக்கிக்கொண்டு, ஷாஃப்ட் சேரும் குதிப்பக்கம் மட்டுமே தரையைத் தொடும். வலக்கைக்காரர் நேராக அடித்தாலும் அப்போது பந்து இடப்பக்கமாகவே கிளம்பும், லாஃப்ட் (கிளப் முகத்தின் பின்சாய்வு) கூடக் கூட இந்த விலகலும் கூடும் என்பதால், சாய்வு குறைந்த நெடுந்தூரக் கிளப்பான டிரைவரில் தெரியாத குறை, சாய்வு மிகுந்த குறுந்தூரக் கிளப்பான வெட்ஜில் நன்றாகத் தெரியும். இதன் தீங்கு பந்து விலகுவதோடு நிற்பதில்லை. அந்த விலகலை ஈடுகட்ட உடம்பு தானாகவே ஒரு கோணலான ஸ்விங்கைப் பழகிக்கொள்கிறது, பிறகு சரியான கிளப்பே கைக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் எளிதில் விடாது. அதனால்தான் கற்றுக்கொள்பவருக்கு ஃபிட்டிங் தேவையில்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அழியக்கூடிய மார்க்கரால் பந்தில் தடிமனாக ஒரு கோடு போட்டு, அது செங்குத்தாக நின்று கிளப் முகத்தைப் பார்க்கும்படி வைத்து, ஏழாம் எண் அயனால் அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு நேராக நின்றால் லை பொருத்தம். கோட்டின் மேல்முனை நுனிப்பக்கம் சாய்ந்தால் உங்களுக்கு அது அதிகமாக நிமிர்ந்திருக்கிறது.

அரை அங்குலம் வெட்டினால் லை ஏறத்தாழ 1 டிகிரி தாழ்ந்ததைப் போன்ற பலன் கிடைக்கும்; ஆனால் ஸ்விங்வெயிட் (வீசும்போது தலைப்பக்கம் உணரப்படும் கனத்தின் அளவு) சுமார் 3 புள்ளி குறைந்து தலை கனம் குறைந்ததுபோலத் தோன்றும், ஏற்கெனவே விறைப்பான ஷாஃப்ட் இன்னும் சற்று விறைக்கும். மீதிக் கோணத்தை வளைத்துச் சரிசெய்ய, அடித்து உருவாக்கிய தலையாக இருந்தால் கவலையில்லை. வார்ப்புத் தலை வளைக்கும்போது விரிசல் விடக்கூடும்.

மன்னார்குடி மங்கை:
மேலே அண்ணன் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை; ஆயினும் என்னைக் கேட்டால் முதலில் தடையாக இருப்பது அந்த ஸ்டிஃப் ஷாஃப்ட்தான். டிரைவர் கிளப்பை வீசும் வேகம் மணிக்கு 95 மைலை எட்டாதவருக்குப் பொதுவாக விறைப்பு குறைந்த ரெகுலர் வகையே ஏற்றது. விளையாடும் ஷூவை அணிந்து, கைகளைத் தளர்த்தித் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை உள்ள உயரத்தை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். ஒரே உயரமுள்ள இருவருக்கும் கைநீளம் மாறுமாதலால், ஃபிட்டிங் செய்பவர் முதலில் கேட்பது இந்த அளவைத்தான். கிரிப்பைப் பிடித்ததும் இடக்கையின் நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரல் மேட்டை இலேசாகத் தொட்டால் அதன் பருமன் சரி.

14 கிளப் என்பது விதி அனுமதிக்கும் உச்சவரம்பு மட்டுமே. டிரைவர், ஒரு ஹைபிரிட் (நெடுந்தூர அயனுக்கு மாற்றான கிளப்), மூன்று நான்கு அயன்கள், ஒரு வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டர் ஆகியவை உங்களுக்கு இப்போது தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தில் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஒருமுறை சென்று, பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவி வைத்து அளந்து வாங்குங்கள்.

வெண்ணாற்றங்கரை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மைத்துனரின் புட்டரையும் வெட்ஜையும் மட்டும் வாங்கிக்கொண்டு, கோட்டுச் சோதனையைச் செய்து பார்க்கிறேன். அறுவடை முடிந்த தரிசு வயலில் அடிக்கலாமா? அடுத்த மாதம் கொடைக்கானல் மைதானத்துக்கும் போகிறேன். அங்கே எந்தக் கிளப் எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்துக்கொண்டு வரலாமா?

காரைக்கால் கரையோரம்:
வயல் வேண்டாம். சம்பா அறுவடைக்குப் பின் காய்ந்து வெடித்த நம் களிமண்ணில் அயன் மோதினால் மணிக்கட்டுத்தான் வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான இடங்களில் உளுந்தும் முளைத்திருக்கும். நெல் களத்தில் தடித்த பாய் விரித்து, எதிரே வலை கட்டி அடியுங்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று மெலிந்து பந்து கூடுதலாகப் பறக்கும். அந்தத் தூரங்களை நம்பிச் சமவெளிக்குச் செட் தேர்ந்தெடுக்காதீர்கள். திரும்பி வந்ததும் கிளப்புகளைக் கார் டிக்கியிலேயே விட்டுவிட வேண்டாம். கோடை வெப்பத்தில் தலையை ஷாஃப்டோடு பிணைக்கும் எபாக்சி பசை இளகிவிடும்.