பழகிய தெருவில் படம் தேடுவது எப்படி?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):
பிறந்து வளர்ந்த தெருவிலேயே ஒளிப்படம் எடுக்க விரும்புகிறேன். ஆனால் சரிவுச் சாலையும் வரிசை வீடுகளும் வாசல் கறிவேப்பிலை மரமும் கண்ணுக்குப் பழகிவிட்டதால், கேமராவை எடுத்தாலும் எதைப் படம்பிடிப்பது என்று விளங்கவில்லை. வெளியூர் போனால்தான் நல்ல படம் கிடைக்குமா?

மறுமொழி 1:
அவசியமில்லை. செக் நாட்டுக் கலைஞர் யோசெப் சுடெக், 1940 முதல் 1954 வரை, பிராகாவில் இருந்த தம் பட்டறையின் சன்னலையும், அதன் கண்ணாடியில் படிந்த ஈரத்தையும், வெளியே நின்ற வளைந்த மரத்தையுமே திரும்பத் திரும்பப் படமெடுத்தார். நீங்களும் பொருளை விட்டுவிட்டு வெளிச்சத்தைத் தேடுங்கள். நம் நாட்டில் சூரியன் வடவானில் செல்வதால், ஜூன், ஜூலை மாதங்களில் வடக்குப் பார்த்த வராந்தாவுக்குள் சாய்வெயில் வெகுதூரம் நுழையும். துணிக்கொடியில் மாட்டிய கிளிப்பின் நிழல்கூட அப்போது சுவரில் நீண்டு விழும்.

மறுமொழி 2:
வெளிச்சம் மட்டும் போதாது என்பது என் கருத்து. விக்டோரியா தெருச் சந்தையில் சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் மசாலாக் குவியலையே எடுக்கிறார்கள் (அஞ்சலட்டைக்கு அது போதும்). அதை அளந்து போடுபவரின் நகக்கண்ணில் ஏறிய மஞ்சளை யாரும் நெருங்கிப் பார்ப்பதில்லை. அனுமதி கேட்டுவிட்டு, 35 மி.மீ. லென்ஸ் ஒன்றோடு ஒரே கடை முன் நில்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வடக்கு வராந்தா எங்கள் வீட்டிலேயே இருக்கிறது; சனிக்கிழமை காலை அங்கிருந்து தொடங்குகிறேன்.